போட்டோ பார்த்தால் வருகிறது, வீட்டுச் செம்பைப் பார்த்து வரைந்தால் கோணலாகிறது. தினமும் வரைய யோசனை சொல்லுங்கள்

தஞ்சாவூர்க்காரி:

எல்லாருக்கும் வணக்கம். பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படம் போடுவேன். கல்யாணம், வேலை, பிள்ளைகள் என்று ஆனபிறகு பென்சிலைத் தொட்டே வருஷக்கணக்காகி, இப்போதுதான் திரும்ப ஆரம்பித்திருக்கிறேன். காலையில் ஸ்கூல் வேன் போனதும் அரைமணி நேரம் எனக்கென்று கிடைக்கும், அதில்தான். போனில் ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு வரைந்தால் ஓரளவு நன்றாகவே வருகிறது, பார்க்கிறவர்களும் நீயா போட்டாய் என்று கேட்கிறார்கள். ஆனால் அந்தப் போட்டோக்கள் எல்லாம் எங்கேயோ இருக்கிற பனிமலையும் மேப்பிள் இலையும். எனக்கு என் வீட்டில் இருப்பதை வரைய வேண்டும். அடுப்படி மேடை, சாமி அலமாரி, கொல்லையில் இருக்கிற துவைக்கிற கல், இப்படி. உட்கார்ந்தால் ஒரு செம்பு கூட ஒழுங்காக வரமாட்டேன் என்கிறது, வாய் ஒரு பக்கம் போகிறது, அடி இன்னொரு பக்கம் போகிறது. போட்டோவில் வருவது நேரில் ஏன் வரவில்லை?

இன்னொன்று, இன்றைக்கு என்ன வரைவது என்று யோசிப்பதிலேயே அந்த அரைமணி ஓடிவிடுகிறது. அப்புறம் இந்தக் கார்த்திகை மழையில் நோட்டு நமுத்துப்போய், ரப்பர் போட்டால் பேப்பர் திரிகிறது. மார்கழி பிறந்ததும் விடாமல் வரைய வேண்டும் என்று ஆசை. கிளாஸில் சேரச் சொல்லாதீர்கள், அதற்கு நேரம் கிடையாது.

பழைய டிராயிங் வாத்தியார்:

செம்பில் ஆரம்பித்தது நல்லதாகப் போயிற்று அம்மா. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் எழுதினவர்களுக்குத் தெரியும், மாடல் டிராயிங் என்று, பொருளை எதிரே வைத்துப் பார்த்து வரைகிற ஒரு பேப்பர் உண்டு. அதற்காகப் பிள்ளைகளைக் குடத்தையும் கூஜாவையும் வரையவைத்தே என் சர்வீஸ் போயிற்று.

கேமராவுக்கு ஒரே கண், அதுவும் அசையாமல் நின்று பிடித்தது. அந்தப் படத்தைத் தட்டையாக்கி உங்கள் கையில் கொடுத்துவிட்டது, நீங்கள் செய்வது அதைப் பெயர்ப்பது மட்டும்தான். நேரில் பார்க்கும்போது நோட்டை மடியில் படுக்கவைத்துக் குனிகிறீர்கள், நிமிர்கிறீர்கள், ஒவ்வொரு தடவையும் தலை வேறு உயரத்துக்குப் போகிறது. வாயை ஒரு உயரத்திலிருந்தும் அடியை இன்னொரு உயரத்திலிருந்தும் பார்த்தால் செம்பு எப்படி நேராக நிற்கும்? பரீட்சை அட்டையில் பேப்பரை கிளிப் போட்டு, மேஜை விளிம்பில் சாய்த்து நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். தலை அசையக் கூடாது, கண் மட்டும் செம்புக்கும் பேப்பருக்கும் போய்வர வேண்டும். பாதிக் கோணல் இதிலேயே போய்விடும்.

மீதிப் பாதி, தெரிந்ததை வரைவதால் வருவது. செம்பின் அடி தரையில் சமமாக உட்கார்ந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், அதனால் அடியை நேர்கோடாக இழுத்துவிடுவீர்கள். அடி நேர்கோடு இல்லை. ஒரு சோதனை செய்து பாருங்கள். செம்பை அலமாரியில் உங்கள் கண் மட்டத்துக்கு வையுங்கள், வாய் வெறும் கோடாகத் தெரியும். ஸ்டூலில் இறக்கி வையுங்கள், வாய் கொஞ்சம் திறந்து நீள்வட்டமாகும். தரையில் வையுங்கள், இன்னும் அகலமாகத் திறக்கும். கண் மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு வட்டத்தை நெருங்கும். அப்படியானால் ஒரே செம்பில், வாயைவிட அடி கீழே இருப்பதால் அடியின் வளைவு வாயின் வளைவைவிட அதிகமாகத்தான் இருக்க வேண்டும். இதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் டம்ளர், அண்டா, உரல், வாளி எல்லாம் கைக்கு வந்துவிடும்.

முதலில் நட்டநடுவே ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். நீள்வட்டங்கள் எல்லாம் அந்தக் கோட்டுக்குக் குறுக்கே படுத்திருக்க வேண்டும், ஓரங்கள் கூராக முடியக் கூடாது. கையை முழுக்க நீட்டி, முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பென்சிலால் வாயின் அகலத்தை அளந்து, உயரத்தில் அது எத்தனை தடவை அடங்குகிறது என்று பாருங்கள். நிழல் எல்லாம் அப்புறம்.

மொட்டைமாடி:

வாத்தியார் சொன்னதற்கு மேல் எதுவும் இல்லை, நான் "என்ன வரைவது" என்பதற்கு மட்டும் வருகிறேன். யோசிக்கவே வேண்டாம் அக்கா, அந்தந்த மாதம் வீட்டுக்குள் எது வருகிறதோ அதை வரையுங்கள். இப்போது தீபத்துக்கு வைத்த அகல்கள் எண்ணெய்க் கறையோடு எங்காவது ஒரு தட்டில் கிடக்கும், அதைவிட நல்ல மாடல் கிடையாது. வாத்தியார் சொன்ன நீள்வட்டமும் இருக்கிறது, ஒரு பக்கம் மூக்கும் இருக்கிறது, நாலு அகலை நாலு திசையில் திருப்பி வைத்தால் ஒவ்வொரு மூக்கும் ஒவ்வொரு மாதிரி குறுகித் தெரியும். அப்புறம் டிசம்பர் பூ, நெல்லிக்காய், மொச்சைக்காய். தை பிறந்தால் கரும்பு, மஞ்சள்கொத்து, பனங்கிழங்கு. பங்குனி சித்திரையில் மாவடு, வேப்பம்பூ, மாடியில் வடாம் காயும் வேட்டி, நுங்கு.

மார்கழியில் கோலத்து நடுவே சாணிப் பிள்ளையாரில் வைக்கிற பரங்கிப்பூவைத் தவறவிடாதீர்கள். விடிகாலையில் விரிந்து முற்பகலிலேயே சுருங்கிவிடும், நாளைக்கு வரையலாம் என்று தள்ளிப்போட முடியாது, அதுதான் அதில் விசேஷம். விரிந்த பூவைவிட எனக்குச் சுருங்கிய பூதான் பிடிக்கும். ஐந்து இதழும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு நுனி உள்ளே மடங்கியிருக்கும், ஒவ்வொரு இதழின் நடுவிலும் ஓடுகிற நரம்பு மட்டும் பச்சையாகப் புடைத்துத் தெரியும், காம்பில் பூனைமயிர் இருக்கும். அந்த நரம்புகளை மட்டும் வரைந்தாலே போதும், முறுக்கு தானாக வந்துவிடும். கரும்பு வரைகிறவர்கள் கணுவை ஒரு வளையமாகப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கணுவை ஒட்டி மேலே வரிசையாகப் புள்ளி புள்ளியாக இருக்கும், வேர் விடுகிற இடம் அது, கணுவுக்குக் கீழே சாம்பல் பூத்த மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை. அந்த வெள்ளையை விட்டுவிட்டால் கரும்பு மூங்கிலாகிவிடும்.

வீட்டுக்குள் வரைவதெல்லாம் ஒரு ஸ்கெட்ச்சா என்று யாராவது கேட்டால், அர்பன் ஸ்கெட்சர்ஸ் என்று உலகம் முழுக்க ஒரு கூட்டம் இருக்கிறதே, 2007-இல் சியாட்டிலில் காப்ரியல் காம்பனாரியோ என்கிற பத்திரிகை ஓவியர் ஆரம்பித்தது, அவர்கள் விதியிலேயே வீட்டுக்குள்ளே ஆனாலும் வெளியே ஆனாலும் நேரில் பார்த்து வரைய வேண்டும் என்றுதான் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கறுப்புமை:

மொட்டைமாடி சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு ஒத்துவரவில்லை. பூ கிடைத்ததா, காய் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தால் அதுவே ஒரு வேலை. அரைமணி நேரம்தான் இருக்கிறது என்று அவர் சொல்கிறார், அதில் மாடலைத் தேடி, அழகாக அடுக்கி, துணி விரித்து, எப்போது வரைவது? அக்டோபர் ஆனால் இங்க்டோபர் என்று எல்லாரும் கிளம்புகிறார்கள் அல்லவா, தினம் ஒரு தலைப்புக்கு மையில் ஒரு படம் என்று, அதிலும் பாதிப் பேர் முதல் வாரத்தோடு காணாமல் போவார்கள். புதிது புதிதாகப் பொருள் மாறும்போது கை எதிலும் படியாது என்பது என் அபிப்பிராயம்.

நான் வாசலில் கிடக்கிற செருப்புகளை வரைகிறேன். நம் வீட்டில் செருப்பு ஒருநாளும் ஒரே மாதிரி கிடக்காது, ஆனால் பொருள் ஒன்றுதான். ரப்பர் செருப்பில் வார் எந்த இடத்தில் அடிக்குள் இறங்குகிறது, குதிகால் பக்கம் எப்படித் தேய்ந்திருக்கிறது, மழைநாளில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும்போது அடியில் இருப்பது எவ்வளவு மறைகிறது, இதெல்லாம் தினமும் பார்த்தால்தான் பிடிபடும். ஓவியர் ஆதிமூலம் 1969-இல் காந்தி நூற்றாண்டு சமயத்தில் காந்தியைக் கோடுகளாக வரிசையாக வரைந்தாரே, அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். ஒரே மனிதர், வெறும் கறுப்புக் கோடு, ஒவ்வொன்றிலும் கோடு வேறு வேகத்தில் போகும். திரும்பத் திரும்ப ஒன்றையே போட்டவர் கைக்குத்தான் அது வரும்.

ரப்பரையும் தூக்கிப் போடுங்கள். பால்பாயிண்ட் பேனா போதும். பேப்பரும் திரியாது.

மொட்டைமாடி:

செருப்பு வரைவது தப்பென்று யார் சொன்னது? துணி விரித்து அடுக்கச் சொல்லவும் இல்லை. மொச்சை உரிக்க உட்காரும்போது உரிப்பதற்கு முன்னால் ஒன்றை வரையுங்கள் என்கிறேன், தேடுகிற வேலை எங்கே வருகிறது? சரி, அவரவர் இஷ்டம்.

கோடுபோடாத நோட்டு:

பேப்பர் பற்றி யாருமே பேசவில்லை. காகிதம் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும், ஐப்பசி கார்த்திகையில் அதைத் தடுக்க முடியாது, குறைக்கலாம். நோட்டை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள், அந்தச் சுவர்தான் முதலில் ஓதம் காக்கும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஷூ பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு உள்ளே போட்டு மூடுங்கள். ஈர நாளில் ஹெச்பி பென்சில் பேப்பரைக் கீறிப் பள்ளமாக்கும், அதைவிட மென்மையான 2பி அல்லது 4பி எடுத்து லேசாகப் போடுங்கள், அப்சரா, நடராஜ், கேம்லின் எதுவானாலும் சரி.

300 ஜிஎஸ்எம் (ஜிஎஸ்எம் என்பது தாளின் கனத்தைச் சொல்கிற அளவு) வாட்டர்கலர் புத்தகம் எல்லாம் இப்போது வாங்காதீர்கள். தாள் விலை ஞாபகத்துக்கு வந்தால் கை நடுங்கும். ஜெராக்ஸ் எடுக்கிற ஏ4 தாள் 70, 75 ஜிஎஸ்எம் இருக்கும், பால்பாயிண்டுக்கு அது தாராளம். பென்சிலுக்கு 100-க்கு மேல் இருந்தால் நல்லது. ஏ4-ஐப் பாதியாக மடித்தால் ஏ5, அந்த அளவில் ஒரு கோடு போடாத நோட்டு வாங்கிக்கொண்டால் அடுப்படி மேடையிலும் வைக்கலாம்.

நிழல் போட நேரமில்லை என்றால் ஒரு குறுக்குவழி. பவுண்டன் பேனாவுக்கு ஊற்றுகிற பிரில் ராயல் ப்ளூ மையில் வரைந்து, நனைந்த பிரஷ்ஷால் கோட்டின் ஓரத்தைத் தொட்டால் மை கரைந்து பரவி அதுவே நிழலாகிவிடும். இதற்கு மட்டும் கொஞ்சம் கனமான தாள் வேண்டும், ஜெராக்ஸ் தாள் சுருண்டுவிடும். வெளிச்சம் பட்டால் அந்த நீலம் நாளாக நாளாக மங்கும், சுவரில் மாட்டுகிற படத்துக்கு வேண்டாம்.

தஞ்சாவூர்க்காரி:

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி செம்பை அலமாரி, ஸ்டூல், தரை என்று இறக்கி இறக்கிப் பார்த்தேன், என் பெண்ணும் கூட உட்கார்ந்து பார்த்தாள், இத்தனை நாள் இதைக் கவனிக்கவே இல்லையே என்றிருந்தது. பரீட்சை அட்டை வீட்டிலேயே இருக்கிறது. கறுப்புமை சார் கோபித்துக்கொள்ளக் கூடாது, நான் மொட்டைமாடி கட்சி. எங்கள் வீட்டில் பேனா எடுத்தால் அது திரும்பி வராது என்பது வேறு விஷயம்.

இன்னும் இரண்டு சந்தேகம். எந்த நேரத்தில் எங்கே உட்கார்ந்தால் நிழல் நன்றாகத் தெரியும்? மார்கழிக் கோலத்தையே வரைய ஆசை, ஆனால் நோட்டில் போட்டால் அது கோலம்தானே, படமாகுமா?

தெற்குவாசல்:

நேரத்துக்கு நான் சொல்கிறேன். மார்கழி, தை இரண்டும் வரைகிறவர்களுக்கென்றே வந்த மாதங்கள். சூரியன் தெற்கே ஒதுங்கிப் போவதால் தெற்கு சன்னல் வழியாகப் பகல் முழுக்க வெயில் சாய்வாக உள்ளே வரும், ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தாலும் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் இருட்டு, தரையில் நீளமாக நிழல் என்று எல்லாம் தனித்தனியாகத் தெரியும். வெயில் நகர்ந்துகொண்டே இருப்பதால் நிழலின் விளிம்பை முதலிலேயே லேசாகக் குறித்துவிடுங்கள், அப்புறம் மாற்றாதீர்கள். நகராத வெளிச்சம் வேண்டுமானால் வடக்கு சன்னல்.

சித்திரையில் இந்த வசதி போய்விடும். உங்கள் ஊரில் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில், சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டி, உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும், நட்டுவைத்த குச்சிக்கு நிழலே விழாது. அந்த நேரத்தில் முற்றத்தில் எதை வரைந்தாலும் தட்டையாகத்தான் இருக்கும், அது உங்கள் கையின் குற்றம் இல்லை. வடாம் வரைவதானால் காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், வடாமின் சின்னச் சின்ன நிழல்கூட வேட்டியில் விழும்.

பழைய டிராயிங் வாத்தியார்:

கோலத்தை நேர் மேலிருந்து பார்த்தால் கோலம், வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தால் படம். படியில் உட்காருங்கள். வட்டமாகப் போட்டது நீள்வட்டமாகப் படுத்திருக்கும், செம்பின் வாய்க்குச் சொன்ன அதே கணக்கு. புள்ளிக் கோலமாக இருந்தால் இன்னும் நல்லது. கிட்டே இருக்கிற வரிசையில் புள்ளிகள் விலகி நிற்கும், தள்ளிப் போகப் போக நெருங்கும், வரிசைக்கும் வரிசைக்கும் இடைவெளியும் குறையும். முதலில் புள்ளிகளை மட்டும் பார்த்து வைத்துவிட்டு அப்புறம் இழையைச் சுற்றுங்கள், நேராகக் கோட்டில் இறங்கினால் கோலம் எழுந்து நின்றுவிடும். பக்கத்தில் கோலமாவு டப்பாவையோ கோலப்பொடிக் கொட்டாங்கச்சியையோ சேர்த்து வரையுங்கள், தரை தரையாகத் தெரிவதற்கு ஏதாவது ஒரு பொருள் அதன்மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். போட்டு முடித்ததும் இங்கே ஏற்றுங்கள், திருத்திச் சொல்கிறேன்.