பாலைவனச் சாலைகளில் எதிர்ப்பட்ட விசித்திரங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

தூரிகைக்காரன்:

கலிபோர்னியாவின் பாலைவனச் சாலைகளில் காரோட்டிப் போய் வந்தவர்களிடம் பேசினால், வழியில் ஏதோ கிறுக்குத்தனமாக ஒன்று இருந்தது, இறங்கிப் படம் எடுத்துக்கொண்டோம் என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். நான் நீர்வண்ண ஓவியன். வரைவதற்காக அந்தக் கிறுக்குத்தனங்களின் முன்னால் மடக்கு நாற்காலி போட்டு அரை நாள் உட்கார்ந்தவன். அப்படி உட்கார்ந்தால் கிறுக்கு கொஞ்ச நேரத்தில் கண்ணைவிட்டுப் போய்விடும். யாரோ ஒருவர் வெயிலில் நின்று வருடக்கணக்கில் செய்த வேலை மட்டும் எதிரில் நிற்கும்.

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து கிழக்கே போகிறவர்களுக்கு முதலில் எதிர்ப்படுவது கபஸானில் நெடுஞ்சாலையோரம் நிற்கும் இரண்டு கான்கிரீட் டைனோசர்கள். கிளாட் பெல் என்ற சிற்பி தன் உணவகத்துக்கு ஆள் சேர்க்க 1964-இல் முதல் டைனோசரைத் தொடங்கினார். நீளம் 150 அடி. இரண்டாவது, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் டி-ரெக்ஸ், 1980-களில் வந்தது. நம் ஊர் எல்லையில் அய்யனாரின் மண்குதிரைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த அளவெல்லாம் புதிதில்லை. ஆனால் அங்கே குதிரைக்குப் பின்னால் ஒரு சாமி இருக்கிறது. இங்கே பின்னால் இருந்தது ஓர் உணவகம். வரைந்தேன். சுமாராக வந்தது. பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது ஜோஷுவா ட்ரீ என்ற பாலைவன ஊரில் இருக்கிறது. அங்கே மண்சாலைக்குள் திரும்பினால் நோவா பியூரிஃபாய் விட்டுச்சென்ற பத்து ஏக்கர். 1917-இல் அலபாமாவில் பிறந்த கறுப்பினக் கலைஞர். லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பின மக்கள் வாழ்ந்த வாட்ஸ் பகுதியில் 1965-இல் நடந்த கலவரத்துக்குப் பிறகு, எரிந்து கிடந்த இடிபாடுகளைப் பொறுக்கி வந்து நண்பர்களோடு சேர்ந்து சிற்பங்களாக்கியவர். எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 1989-இல், நகரத்தை விட்டுவிட்டு இந்த வெட்டவெளிக்கு வந்தார். 2004-இல் இறக்கும்வரை வேலையை நிறுத்தவில்லை. டயர், கழிப்பறைப் பீங்கான், சைக்கிள், பழைய துணி, தகரம் என்று ஊர் தூக்கி எறிந்ததெல்லாம் அங்கே நிமிர்ந்து நிற்கிறது. ஒரு படைப்பில் குடிநீர்க் குழாய்க்கு 'வெள்ளையர்' என்றும் பக்கத்தில் உள்ள கழிப்பறைக் கோப்பைக்கு 'கறுப்பர்' என்றும் எழுதி வைத்திருக்கிறார். சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றுவிடும்.

காவலாளி இல்லை, கூரை இல்லை. வெயிலும் காற்றும் பொருள்களை அரிப்பதையும் படைப்பின் ஒரு பகுதியாகவே அவர் ஏற்றுக்கொண்டார். துணிகள் நைந்து தொங்குகின்றன, மரம் வெளிறிச் சாம்பல் நிறமாகிவிட்டது. வண்ணம் மங்கக் கூடாது என்று விலை உயர்ந்த காகிதமும் சாயமும் தேடி வாங்குகிற எனக்கு இது சற்று எரிச்சலாகவே இருந்தது. அங்கே வரைந்த படங்களில் ஒன்றைக்கூட நான் விற்கவில்லை.

தெற்கே சால்டன் கடல். கடல் என்பது பெயரில் மட்டும்தான். 1905-இல் பாசனக் கால்வாய்க்காக வெட்டிய இடத்தை உடைத்துக்கொண்டு கொலராடோ ஆறு ஒரு பள்ளத்துக்குள் பாய்ந்தது. 1907-இல்தான் அடைக்க முடிந்தது. அதற்குள் ஓர் ஏரியே உருவாகிவிட்டது. 1950-களில் அது உல்லாசத் தலம். பிறகு உப்பு ஏறி மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கரையில் வெள்ளை மணல்போலத் தெரிவதைக் குனிந்து பார்த்தால் மீன் எலும்பும் சிப்பித் தூளும். பாம்பே பீச் என்ற சிற்றூரில் இப்போது கலைஞர்கள் குடியேறிப் பாழடைந்த வீடுகளையும் கரையையும் படைப்புகளால் நிரப்புகிறார்கள். சில நன்றாக இருக்கின்றன. சில, படம் எடுத்துப் போடுவதற்கென்றே செய்தவை; பார்த்ததும் தெரிந்துவிடும்.

அங்கிருந்து நைலண்டுக்குப் போனால் சால்வேஷன் மவுண்டன். பாலைவனத்தின் மங்கிய காவிக்கும் சாம்பலுக்கும் நடுவே நீலமும் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு குன்று. உச்சியில் சிலுவை, அதன்கீழே பெரிய எழுத்துகளில் 'கடவுள் அன்பானவர்'. கட்டியவர் லெனார்ட் நைட். அதே வாசகத்தை எழுதி ஒரு வெப்பக்காற்று பலூனைப் பறக்கவிட வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் ஆசை. தானே தைத்த பலூன் பறக்கவே இல்லை, துணி மக்கிவிட்டது. 1984-இல், ஒரு வாரம் தங்கிச் சிறிதாக ஒரு நினைவுச்சின்னம் கட்டிவிட்டுக் கிளம்பலாம் என்று அங்கே வந்தார். ஏறத்தாழ முப்பது வருடம் தங்கிவிட்டார், மின்சாரம் இல்லாத ஒரு பழைய லாரியில்.

முதலில் கட்டிய மலை 1989 வாக்கில் சரிந்தது. மணலும் குப்பையும் அதிகம், சிமெண்ட் குறைவு. யாருக்கும் அடிபடவில்லையே என்று கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு, இந்த முறை களிமண்ணும் வைக்கோலும் கொண்டு மறுபடி தொடங்கினார். பக்கவாட்டில் டயர்களை அடுக்கி, களிமண் பூசி, கிளைகளைச் செருகி எழுப்பிய மரங்கள் உண்டு. நான் நெருங்கிப் பார்த்தது பூச்சைத்தான். ஒன்றன்மேல் ஒன்றாக அத்தனை அடுக்கு பெயிண்ட். எல்லாம் மக்கள் கொடுத்த டப்பாக்கள், ஆகவே ஒரே நீலம் இரண்டு இடத்தில் இல்லை. உள்ளே இருப்பது மண். மேலே உள்ள பெயிண்ட் தோல்தான் மழைநீரை உள்ளே விடாமல் காக்கிறது. பூசுவதை நிறுத்தினால் மலை கரைந்துவிடும். அவர் 2014-இல் இறந்துவிட்டார். இப்போது தன்னார்வலர்கள் பூசுகிறார்கள்.

ஓவியர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. அந்த வறண்ட காற்றில் நீர்வண்ணம் தூரிகையிலேயே காய்ந்துவிடும். ஈரத்தில் ஈரம் படரவிடும் வேலையை மறந்துவிடுங்கள். வானத்தை ஒரே வீச்சில் முடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் கோடு விழும். தெளிப்பான் குப்பி ஒன்றும் சற்றுக் கனமான தூரிகையும் இருந்தால் சமாளிக்கலாம். நண்பகலில் நிழலே இல்லாததால் மலைகள் தட்டையாகிவிடும். காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும் பாருங்கள், நிழல் முழுக்க ஊதா.

லாரிக்காரர்:

தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் தெளிப்பான் குப்பிக்கு முன்னால் குடிதண்ணீரைச் சொல்லியிருக்க வேண்டும். நான் அந்தப் பக்கம் சரக்கு ஓட்டியவன். கோடையில் அங்கே 45 டிகிரி என்பது சாதாரண நாள். ஆளுக்கு ஒரு பாட்டிலோடு இறங்கிவிடுகிறார்கள். மணலில் டயர் புதைந்து, கைப்பேசியில் சிக்னல் இல்லாமல், காருக்கு வெளியே நின்று இரண்டு கைகளையும் ஆட்டிய ஓர் இளம் தம்பதியை நான் நிறுத்தி ஏற்றியிருக்கிறேன். ஒரு வாடகைக் கார் நிறுவனம் அவர்களுக்குக் கொடுத்த வண்டியில் ஸ்டெப்னியே இல்லை. காரை வாங்கும்போதே பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள். பெட்ரோல் டேங்க் பாதியானதும் நிரப்புங்கள், அடுத்த பங்க்கை நம்பாதீர்கள்.

நீங்கள் விட்டுவிட்ட ஓர் இடம் ஆம்பாய். பழைய ரூட் 66 நெடுஞ்சாலையில், ராய்ஸ் என்ற மோட்டலின் ராட்சதப் பலகை, 1959-இல் வைத்தது. 1970-களின் தொடக்கத்தில் புதிய நெடுஞ்சாலை வடக்கே போனதும், ஊருக்கு வருகிற கார்கள் ஒரேயடியாக நின்றுவிட்டன. 2005-இல் கோழிக்கறி உணவகங்கள் நடத்திய ஆல்பர்ட் ஒகுரா என்பவர் ஊரையே மொத்தமாக விலைக்கு வாங்கினார். வீடு வாங்குவார்கள், தோட்டம் வாங்குவார்கள், ஊர் வாங்குவதை அங்கேதான் பார்த்தேன். பல வருடம் அணைந்திருந்த நியான் விளக்குகளை 2019-இல் மறுபடி எரியவிட்டார்கள். இருட்டில் தொலைவிலிருந்து அந்தச் சிவப்பு தெரிந்தால் லாரிக்காரனுக்குத் தூக்கம் கலைந்துவிடும். கலை கிலை எனக்குத் தெரியாது, அது பிடித்திருந்தது.

சலங்கை ஆசிரியை:

நான் லாஸ் வேகாஸில் பரதநாட்டியம் சொல்லிக் கொடுக்கிறேன். டெத் வேலிக்குப் போகும் வழியில் டெத் வேலி ஜங்ஷன் என்று ஓர் ஊர். விரல்விட்டு எண்ணக்கூடிய மக்கள். முன்பு போராக்ஸ் என்ற கனிமம் எடுத்த கம்பெனி தன் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வெள்ளைக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. 1967-இல் நியூயார்க் நடனக் கலைஞர் மார்த்தா பெக்கெட் வந்த வண்டியின் டயர் பஞ்சர். பழுது பார்க்கும் நேரத்தில் அவர் பூட்டிக் கிடந்த ஒரு கூடத்தின் கதவு ஓட்டை வழியே உள்ளே பார்த்திருக்கிறார். மாதம் 45 டாலர் வாடகைக்குப் பேசி முடித்துவிட்டார்.

1968 பிப்ரவரியில் முதல் நிகழ்ச்சி. வந்தவர்கள் பன்னிரண்டு பேர். சில நாள்களில் ஒருவர்கூட வரவில்லை, அப்போதும் ஆடினார். பிறகு கூடத்தின் சுவர்களில் தனக்கான பார்வையாளர்களைத் தானே வரைந்தார்: அரசனும் அரசியும், பிரபுக்கள், பாதிரிகள், கன்னியாஸ்திரீகள், காளைச் சண்டைக்காரர்கள். பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினின் கூட்டமே மாடங்களில் உட்கார்ந்திருக்கிறது. சுவருக்கு மட்டும் நான்கு வருடம், அதன்பின் கூரை. எண்பது வயதைத் தாண்டியும் மேடையேறியவர், 2017-இல் மறைந்தார்.

சபை நிரம்பினால்தான் ஆடுவேன் என்று அடம்பிடிக்கும் மாணவிகள் என்னிடம் உண்டு. ஒருத்தியை வேண்டுமென்றே அங்கே அழைத்துப் போனேன். சுற்றிப் பார்த்துவிட்டு, "டீச்சர், யாருமே எழுந்து போக முடியாத சபை இது" என்றாள். என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, சிரித்துவிட்டேன்.

பழைய சண்டிகர்வாசி:

ஒருவருக்கும் சொல்லாமல் கட்டுவது என்றால் நம் நாட்டு நேக் சந்த் என்பவரை விட்டுவிட முடியாது. சண்டிகரில் சாலை ஆய்வாளர் வேலை. 1950-களின் கடைசியில் தொடங்கி, வேலை நேரம் முடிந்ததும் காட்டுப் பகுதியில் உடைந்த வளையல், பீங்கான் துண்டு, சிமெண்ட் கொண்டு ஓர் உலகத்தையே கட்டிக்கொண்டிருந்தார். அது அரசு நிலம், கட்ட அனுமதி இல்லை. 1970-களின் நடுவில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது இடித்திருக்கலாம். இடிக்கவில்லை, 1976-இல் ராக் கார்டன் என்று திறந்தார்கள், அவருக்குச் சம்பளமும் ஆள்களும் கொடுத்தார்கள். அமெரிக்கப் பாலைவனத்தில் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால் கட்டுகிறார்கள். இவர் கேட்பார்கள் என்று தெரிந்தே கட்டினார். அந்த வகையில் இவருக்கே என் ஓட்டு.

தூரிகைக்காரன்:

பழைய சண்டிகர்வாசி அவர்களே, அங்கேயும் கேட்டிருக்கிறார்கள். சால்வேஷன் மவுண்டன் இருப்பது நைட்டின் சொந்த நிலத்தில் இல்லை. 1994-இல் மண்ணில் ஈயம் கலந்திருக்கிறது என்று சொல்லி அகற்றும் பேச்சு எழுந்தது. ஆதரவாளர்கள் கையெழுத்துத் திரட்டினார்கள், தனியாக மண்ணைச் சோதித்துப் பார்த்து அபாயம் இல்லை என்று காட்டினார்கள். 2002-இல் அதே மலையைத் தேசியச் செல்வம் என்று செனட்டர் பார்பரா பாக்ஸர் நாடாளுமன்றப் பதிவேட்டில் ஏற்றினார். ஓட்டை இருவருக்கும் பிரித்துக் கொடுங்கள்.

லாரிக்காரர் ஐயா சொன்ன தண்ணீர், ஸ்டெப்னி இரண்டையும் என் பட்டியலின் தலையில் சேர்த்துவிட்டேன். ஆசிரியை அவர்களுக்கு: டெத் வேலி ஜங்ஷனிலிருந்து இன்னும் வடக்கே போனால் நெவாடாவில் ரயலைட் என்ற பாழூர். 1905 வாக்கில் தங்கத்துக்காகக் கூடியவர்கள் ஆயிரக்கணக்கில். 1920-க்குள் ஊர் காலி. அங்கே பீர் பாட்டில்களை அடுக்கிக் கட்டிய ஒரு வீடு இன்னமும் நிற்கிறது, மரம் கிடைக்காத ஊரில் பாட்டில் தாராளமாகக் கிடைத்திருக்கிறது. பக்கத்தில் பெல்ஜியச் சிற்பி ஆல்பர்ட் சுகால்ஸ்கி 1984-இல் செய்த 'கடைசி இராப்போசனம்': உயிருள்ள ஆள்கள்மேல் பிளாஸ்டர் தோய்த்த துணியைப் போர்த்தி, காய்ந்ததும் ஆளை வெளியே எடுத்துவிட்டார். வெறும் போர்வைகள் வரிசையாக நிற்கின்றன, உள்ளே யாரும் இல்லை. உங்கள் மாணவியை அடுத்து அங்கே அழைத்துப் போங்கள். குளிர்காலத்தில் போங்கள், கையில் ஒரு ஜாக்கெட் இருக்கட்டும். அந்த மேட்டில் காற்று பேய்த்தனமாக அடிக்கும், என் காகிதத்தை நான்கு பக்கமும் கிளிப் போட்டுத்தான் வரைந்தேன்.