மெக்கன்சி என்ற குடும்பப் பெயர்: பொருள் என்ன, வேரை எப்படித் தேடுவது?

எழும்பூர் வாசகர்:
வணக்கம். நம் ஊர்க் கதைகளையும் சுவடிகளையும் திரட்டிய காலின் மெக்கன்சியின் பெயரில் வரும் ‘கென்சி’ ஏதாவது ஊரா? 1860-களில் சென்னையில் இறந்த இன்னொரு மெக்கன்சியின் சொந்த ஊரைத் தேடுகிறேன். எங்கே தொடங்கலாம்?

சுவடிப் பிரியன்:
ஊர் இல்லை சார், ஆள் பெயர். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் ‘மாக் கொன்யிக்’, அதாவது கொன்யக்கின் மகன். கொன்யக் என்றால் அழகன். ஆங்கிலத்தில் கென்னத் என்று எழுதுவது இதைத்தான். மகள் என்றால் ‘மாக்’ போய் ‘நிக்’ வரும்.

நடுவில் வரும் ‘இசட்’ அச்சுக்கூடம் தந்தது. ஸ்காட்லாந்தின் இன்னொரு மொழியான ஸ்காட்ஸின் பழைய எழுத்தில் 3 போல ஒரு எழுத்து உண்டு, பேர் ‘யோக்’, ஒலி ஏறக்குறைய ‘ய’. அச்சுக்கோப்பவர்களிடம் அந்த வார்ப்பு இல்லாததால், உருவில் நெருங்கிய இசட்டைப் போட்டார்கள். நம் ழகரத்துக்கு இசட்-எச் போடுகிறோமே, அதுபோலத்தான், ஒலிக்கும் எழுத்துக்கும் உறவில்லை. மென்சீஸ் என்று எழுதி ‘மிங்கிஸ்’ என்பதும், டால்சீல் என்று எழுதி ‘டீயெல்’ என்பதும் இதனால்தான். மெக்கன்சியிலோ எழுத்து ஜெயித்து, பழைய ‘மக்கிங்யி’ மறைந்துவிட்டது.

ஆவணக்காரர்:
பெயர் ஒன்றானதால் உறவு என்று முடிவு கட்டாதீர்கள். மேற்கு ஸ்காட்லாந்தின் கின்டெய்லில், மெக்கன்சி குலத் தலைவரின் நிலத்தில் குடியிருந்தவர்களும் அந்தப் பெயரை ஏற்றார்கள். லூயிஸ் தீவும் 17-ஆம் நூற்றாண்டில் மெக்கன்சி குலத்தின் கைக்குப் போனது. காலின் பிறந்த ஸ்டோர்னோவே அங்கேதான்.

சென்னை அடக்கப் பதிவில் பெற்றோர் பெயர் பெரும்பாலும் இருக்காது. பலர் இங்கேயே முட்டி நிற்கிறார்கள். சுற்று வழிதான். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களின் ‘என் 2’ வரிசை சென்னை மாகாணத்துக்கானது. அதில் திருமணப் பதிவு கிடைத்தால் தந்தை பெயர் பாருங்கள். கம்பெனிப் படை அதிகாரி என்றால் கேடட் மனுவோடு (பயிற்சி அதிகாரியாகச் சேரக் கொடுத்த விண்ணப்பம்) ஞானஸ்நானச் சான்று இணைந்திருக்கும், ஊர் அதிலேயே வந்துவிடும். சொத்து வைத்து இறந்திருந்தால் எடின்பரோ நீதிமன்ற உயில் பதிவையும் பாருங்கள்.

பிறகு ஸ்காட்லாந்தின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் உள்ள ‘ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள்’ இணையதளம். அங்கே அரசுப் பதிவு 1855-இல் தொடங்குகிறது. உடன்பிறந்தவர் யாராவது அதன்பின் அங்கே இறந்திருந்தால், அந்த மரணப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் உட்பட பெற்றோர் இருவர் பெயரும் கிடைக்கும்.

சுவடிப் பிரியன்:
தேடும்போது ‘மேக்’, ‘மெக்’, எம்-முக்குப் பின் ஒற்றைக் குறி என்று மூன்றையும் போடுங்கள். ‘கென்’, ‘கின்’ இரண்டும் வரும், அந்த உயிரெழுத்தின் இடத்தில் கேள்விக்குறி வைத்தால் போதும். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலாண்ட்ஸின் மேற்கில் பல தேவாலயப் பதிவேடுகள் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தொடங்குகின்றன. அதற்கு முன் வெறுமையாக இருந்தால் தேடல் பிழையில்லை.