பூனையின் தலமஸுக்கு மேலிருந்து ஏன் இத்தனை நரம்பு வருகிறது?

களுவாஞ்சிகுடி சேர்:
உயர்தர உயிரியல் ரியூசன் கொடுக்கிறேன். பத்து வருசமாக ஒரே கதைதான்: மூளையின் நடுவிலுள்ள தலமஸ் ஒரு தபால் கந்தோர், விழித்திரை போடுகிற கடிதத்தை மூளையின் பின்பக்கத்துப் பார்வை மேற்பட்டைக்கு அனுப்பிவிடும். போன சனிக்கிழமை ஒரு பிள்ளை, "சேர், பூனையில மேல போற நரம்ப விடக் கீழ வாறது கூடவாம். கடிதம் வாங்கினவர் ஏன் கந்தோருக்கு எழுதுறார்?" என்றாள். நல்ல வேளை, கரண்ட் போய்விட்டது. அடுத்த கிழமை சொல்கிறேன் என்று தப்பினேன். யாராவது கை கொடுங்கள்.

மீன்சட்டி:
எங்கள் வீட்டில் நாலு பூனை. மீன் வெட்டும் நேரம் பெயர் சொல்லிக் கத்தினாலும் திரும்பாது. கீழே வருகிற நரம்பெல்லாம் அதற்குத்தான் சேர்.

உன்னிச்சைக்காரன்:
பிள்ளை சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். ஹியூபல், வீசல் என்ற இரண்டு நரம்பியல் ஆய்வாளர்கள் 1962இல் பூனையில் விளக்கியது மேலே போகும் பாதையை. தலமஸ் கலம் சின்ன வெளிச்சப் பொட்டுக்குத் துடிக்கும், மேற்பட்டைக் கலம் சரிந்த கோட்டுக்குத் துடிக்கும். அதுவரை உங்கள் கந்தோர் சரி.

ஆனால் தலமஸில் பார்வைக்குரிய கருவில், அதாவது அந்தக் கலக் கூட்டத்தில், ஒரு கலத்தை எடுத்து நரம்பிணைப்புகளை எண்ணினால், விழித்திரையிலிருந்து வருபவை நூற்றுக்குப் பத்தளவுதான். மேற்பட்டையின் ஆறாம் படையிலிருந்து, அதாவது அடி அடுக்கிலிருந்து, வருபவை அதைப்போல மூன்று மடங்கு. எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறக்கூடாது. விழித்திரை நரம்பு கலத்தின் உடலுக்குக் கிட்ட, தடித்த கிளையில் பெரிய முடிச்சாக உட்காரும். மேலிருந்து வருபவை தூரத்து மெல்லிய நுனிகளில் சின்னச் சின்னதாக ஒட்டும்.

என் அப்பா வயல்காரர். தண்ணீர் வருவது குளத்திலிருந்து மட்டும். ஆனால் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை வீட்டு வாசலில் விடியவே பத்துப் பேர்: எனக்குக் கூட்டு, அவனுக்குக் குறை, மேட்டுப் பக்கம் காய்கிறது. வயலிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் போவதில்லை, சொல்தான் போகிறது. விழித்திரை தண்ணீர், மேற்பட்டை அந்தப் பத்துப் பேர். ஷேர்மன், கில்லரி என்ற தலமஸ் ஆய்வாளர்கள் முதலாவதை ஓட்டுநர், இரண்டாவதைத் திருத்துநர் என்று பிரித்தது இதைத்தான்.

களுவாஞ்சிகுடி சேர்:
வட்டவிதானையை விளங்குகிறது. அப்போ மேற்பட்டையை நிறுத்திவிட்டால் தலமஸ் கலம் சும்மா கிடக்குமா?

உன்னிச்சைக்காரன்:
கிடக்காது. பொட்டு வெளிச்சத்துக்கு முன்போலவே துடிக்கும், அது வெளிச்சத்தைப் பார்க்கிற வட்டமும் மாறாது. மாறுவது நுணுக்கம். வழக்கமாகக் கோடு நீண்டுகொண்டே போனால் அந்தக் கலம் அடங்கிவிடும். மேற்பட்டை இல்லாவிட்டால் அவ்வளவு அடங்காது. இன்னொன்று, அரைத் தூக்கத்தில் இந்தக் கலம் படபடவென்று கொத்தாகத் துடிக்கும். மேலிருந்து வரும் சொல் அதை விழிப்பாக்கி, வெளிச்சத்தின் அளவுக்கேற்பச் சீராகத் துடிக்க வைக்கும்.

என் உவமையில் ஒரு ஓட்டை இருக்கிறது, பிள்ளை பிடிக்கும் முன் சொல்லிவிடுகிறேன். ஆறாம் படை நரம்பு வரும் வழியில், தலமஸைச் சுற்றியிருக்கும் தடுப்புக் கலங்களுக்கும் ஒரு கிளை விடும். அவை தலமஸை அடக்குபவை. ஆக, கூட்டு என்று கேட்கிற அதே வாய் குறை என்றும் சொல்லும்.

களுவாஞ்சிகுடி சேர்:
எங்கள் வயல் கண்டத்திலும் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். சனிக்கிழமை கரண்ட் இருந்தால் படம் கீறிக் காட்டுகிறேன்.