ஷீட் கூரை வீட்டில் வெக்கை தாங்கவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வேலூரில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட மாடி வீட்டில் இருக்கிறோம். அக்னி நட்சத்திரம் பிறக்கவே இல்லை, அதற்குள் பகல் 11 மணிக்கு மேல் உள்ளே உட்கார முடியவில்லை. ஃபேன் போட்டால் அனல்தான் இறங்குகிறது. நேற்று மதியம் எவர்சில்வர் குடத்துத் தண்ணீரே வெதுவெதுப்பாக இருந்தது. அம்மாவுக்கு 71 வயது, ராத்திரியில் தூக்கமே இல்லை. அதுதான் பெரிய கவலை.

போன வருஷம் ஷீட் மேல் சுண்ணாம்பு அடித்தோம். நல்ல பலன், ஆனால் ஐப்பசி மழையில் கரைந்துவிட்டது. அப்புறம் உள்ளே தெர்மாகோல் சீலிங் போட்டோம். பகலில் பரவாயில்லை. ஆனால் சீலிங்குக்கும் ஷீட்டுக்கும் நடுவே சூடான காற்று அடைந்து கிடக்கிறது. இரவு 9 மணிக்குக் கை வைத்தாலும் சீலிங் சுடுகிறது.

அந்தக் காற்றை எப்படி வெளியேற்றுவது? கூரையில் தானாகச் சுழலும் டர்பைன் வென்டிலேட்டர் வைக்கலாம் என்கிறார்கள். ஆனால் இந்த ஷீட்டை அறுத்தால் பறக்கும் தூசி நுரையீரலுக்குக் கேடு, அதனால் அதைத் தொட பயமாக இருக்கிறது. எதிரெதிர் முக்கோணச் சுவர்களில், சீலிங்குக்கு மேலே ஜாலி (காற்று போக துளைகள் உள்ள தடுப்பு) வைத்தால் போதுமா? ஒரு பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேனும் வேண்டுமா? மழைச்சாரல் உள்ளே வராமல் எப்படித் தடுப்பது? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது.