மரக்கிளையில் கட்டிய சோறு: உங்கள் வீட்டில் யாராவது சொன்னதுண்டா?

கோரையாறு:
வெள்ளைக்காரர்களின் உப்புச் சட்டத்தை மீறி உப்பு அள்ளப் போன வேதாரண்யம் யாத்திரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1930 ஏப்ரல் 13, திருச்சியில் டாக்டர் ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜியும் நூறு பேர் அளவிலான தொண்டர்களும் கிளம்பியது, அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்தது, ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டது. நான் சொல்ல வந்தது ஒரு முடிச்சைப் பற்றி.

அப்பாயிக்கு அப்போது ஏழு வயது. மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் எங்கள் ஊர். 2008இல் ஒரு மத்தியானம் திண்ணையில் பூ கட்டிக்கொண்டிருந்தவர், திடீரென்று ஒரு வாழைநாரை எடுத்து என் மணிக்கட்டில் சுற்றினார். "எங்கம்மா இப்படித்தான் கட்டச் சொன்னிச்சு. இறுக்கிப்புடாத, பசியோட வர்றவங்க, ஒரே இழுப்புல அவுரணும்னிச்சு." நுனியைப் பிடித்து இழுத்தார். நார் அப்படியே கழன்று மடியில் விழுந்தது. எனக்கு அந்த நேரம் போன் வந்தது. "சரி அப்பாயி" என்று எழுந்து போய்விட்டேன். அடுத்த தை மாதம் அவர் இல்லை. எந்த மரம் என்றுகூட நான் கேட்கவில்லை.

அளத்துமேடு:
உங்கள் அப்பாயி சொன்னது மனதைத் தொட்டது. ஆனால் இந்தப் பொட்டலக் கதையைச் சொல்லும்போதெல்லாம் "ஜனங்கள் துணிந்து சோறு போட்டார்கள்" என்று பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. துணிந்தவர்கள் வீட்டுக்குள் கூப்பிட்டார்கள். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார், சிறைக்கும் போனார். மரத்தில் கட்டியவர்கள் பயந்துதான் கட்டினார்கள். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என் அனுபவம் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில், அந்த உப்பு அள்ளியதன் நினைவாக நிற்கும் அகஸ்தியம்பள்ளி நினைவுத்தூணுக்குப் போனபோது. பக்கத்து அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மா ஒரு கை உப்பை நீட்டினார். அவர் உள்ளங்கை வெடிப்புகளில் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. "இத அள்ளுனதுக்கா தம்பி ஜெயிலு?" என்றார். ஆமாம், ஏப்ரல் 30 அன்று ராஜாஜி அள்ளினார், உடனே கைது, ஆறு மாதம் என்றேன். அவர் நம்பவே இல்லை. நான் ஏதோ கதை விடுகிறேன் என்பதுபோலச் சிரித்துவிட்டுப் பாத்திக்குள் இறங்கிவிட்டார். அந்தச் சிரிப்புதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

முல்லைப்பந்தல்:
அளத்துமேடு, பயந்தார்கள் என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள். வேதாரண்யத்து முடிதிருத்தும் வைரப்பனை விட்டுவிட்டீர்களே. நான் அந்தக் கதையைக் கேட்டது அந்த ஊர் சலூன் நாற்காலியில். ஒரு கன்னம் மழித்தாகிவிட்டது, மறு கன்னத்தில் சோப்பு காய்கிறது, பெரியவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "இப்புடி பாதியிலதான் நிறுத்துனாரு" என்றார். சவரத்துக்கு உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் வைரப்பன் எழுந்துவிட்டாராம். மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி, மீதியை முடி என்று மிரட்டியபோது, பெட்டியை அவர் முன்னாலேயே வைத்து, "நீங்களே செய்துகொள்ளுங்கள்" என்றாராம். பெரியவர் சொல்லி முடிக்கிற வரை நானும் அரைச் சவரத்தோடு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றாடம் கிடைக்கிற காசில் அடுப்பெரிகிற மனிதருக்கு அது எவ்வளவு பெரிய காரியம்!

தாளடி:
என் தாத்தாவும் சத்தியாகிரகிகளைப் பார்த்தவர். தண்ணீர் கொடுத்ததாகச் சொன்னார், அவ்வளவுதான் தெரியும்.

கோரையாறு செய்த தவறை மற்றவர்கள் செய்ய வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். வயதானவர்களிடம் போய் "சுதந்திரப் போராட்டம் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருப்பதைத்தான் திருப்பிச் சொல்வார்கள். அன்றைக்கு என்ன சோறு, யார் வடித்தது, எந்தப் பாத்திரம் என்று கேளுங்கள். கையில் வேலை இருக்கும்போது கேளுங்கள். கீரை ஆயும்போதும் பூ கட்டும்போதும் வாய் தானாகத் திறக்கும். போனைப் பதிவில் போட்டுவிட்டுக் கண்ணில் படாமல் வையுங்கள், ஆனால் பதிவு செய்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். வருஷம் தப்பாகச் சொன்னால் சொல்லட்டும், அதை நாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரே ஆளிடம் நிறுத்தாமல் அவர் தங்கையிடம், மகளிடமும் கேளுங்கள். ஒருவர் விட்டதை இன்னொருவர் வைத்திருப்பார்.

கோரையாறு:
தாளடி சொன்னதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி அத்தைக்குப் போன் செய்தேன். அப்பாயி அவரிடம் நிறையச் சொல்லியிருக்கிறார். புங்கமரமாம், வாய்க்கால் மதகுப் பக்கம். சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டது. கட்டியது மூன்று பொட்டலம், புளிச்சோறு. விடியற்காலையில் ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டைக் காணோம், ஒன்று மட்டும் அப்படியே தொங்கியிருக்கிறது. போலீஸ் கண்ணில் பட்டால் அப்பாவைப் பிடித்துப்போவார்கள் என்று அப்பாயியும் அவர் தம்பியும் அதை அவிழ்த்து எடுத்துக்கொண்டு வைக்கோல்போருக்குப் பின்னால் ஓடியிருக்கிறார்கள். அங்கேயே உட்கார்ந்து, சத்தம் போடாமல், இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றார்களாம். நாரை மட்டும் அப்பாயி பாவாடையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாராம்.