பொருள்: தொடர் முடிந்தபின் பொறுக்கியெடுக்கும் அணிக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புடையீர்,

ரக்பி பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். உலகக் கோப்பை போன்ற தொடர் முடிந்ததும், எல்லா நாடுகளிலிருந்தும் சிறப்பாக ஆடியவர்களை எடுத்துத் தாளளவில் ஓர் அணி அமைப்பார்களே, அதற்கு ஒரு சொல் வேண்டும். 'தொடரின் சிறந்த அணி' என்று எழுதிப் பார்த்தேன். கோப்பையை வென்ற அணி என்றே பொருள்படுகிறது. 2023இல் அது தென்னாப்பிரிக்கா. நான் சொல்ல வந்தது அதுவல்ல.

---

'கனவு அணி' இருக்கிறதே. விளையாட்டுப் பக்கம் படிக்கும் எவருக்கும் புரியும். புரிகிற சொல்லைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்றை ஏன் தேட வேண்டும்?

---

> கனவு அணி இருக்கிறதே

ஏற்க இயலவில்லை, தம்பி. இவர்கள் ஆடியதைக் கண்ணால் கண்டோம்; கனவு எங்கிருந்து வந்தது? 'தேரணி' என்பது என் பரிந்துரை. தேர்ந்த, தேர்கின்ற, தேரும் அணி: காலம் கரந்த வினைத்தொகை. 'அணி' என்பதற்கு வரிசை, அழகு, நகை, படைவகுப்பு எனப் பல பொருள் உண்டு. மணிகளைத் தேர்ந்து கோப்பதும் அணியே, ஆட்களைத் தேர்ந்து நிறுத்துவதும் அணியே. தேர்ந்தெடுக்கும் மரபு நமக்குப் புதிதன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை முறையை விரிவாகவே காண்கிறோம்.

---

ஐயா, குடவோலையில் தகுதி பார்த்துப் பெயர் எழுதினாலும் முடிவில் குடத்திலிருந்து வருவது திருவுளச்சீட்டுத்தான். இங்கே அப்படியில்லை. மேலும் 'தேரணி' என்றதும் எனக்குத் தேர்ப்படையோடு யானை, குதிரை, காலாள் எல்லாம் கண்முன் வருகின்றன. உயிரெழுத்து வருவதால் ஒற்று மிகுதலை வைத்துப் பிரித்தறியவும் வழியில்லை.

'தெரிவணி' எனலாம். குறளில் தெரிந்து தெளிதலும் தெரிந்து வினையாடலும் அடுத்தடுத்த அதிகாரங்கள். ஆராய்ந்து ஆளெடுப்பதற்கு உரிய சொல் 'தெரி' என்பதே. ஈழத்தில் இன்றும் 'வீரர் தெரிவு' என்றுதான் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் 'தேர்வு' என்றால் முதலில் பரீட்சை நினைவுக்கு வருகிறது.

---

நான் ரக்பியை விடாமல் பார்ப்பவள். 'தெரிவணி' அழகான சொல், ஆனால் இடம் மாறி நிற்கிறது. தொடருக்கு முன்பே ஒவ்வொரு நாடும் ஆளெடுக்கிறது. 2023 உலகக் கோப்பைக்கு நாட்டுக்கு 33 பேர். 'தெரிவணி' என்றால் அந்த 33 பேரைத்தான் நினைப்பார்கள். நமக்கு வேண்டியது ஆடி முடித்தபின் எடுப்பது.

இன்னொன்று. இது சிறந்த பதினைந்து பேரை வரிசையாக எடுப்பதில்லை. முன்வரிசை எட்டு, பின்வரிசை ஏழு என்று ஒவ்வொரு சட்டை எண்ணுக்கும் ஒருவர். எட்டு ட்ரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதிப்பது) போட்ட வில் ஜோர்டனும், ஸ்க்ரம்மை (இரு முன்வரிசைகளும் தோள்கோத்து முட்டித் தள்ளுவது) தாங்கும் ப்ராப் எனும் முன்வரிசைக்காரரும் ஒரே தட்டில் நிறுக்கப்படுவதில்லை. எண்ணை மட்டும் நம்பினாலும் தவறும். பெரும்பாலான நாடுகளில் 7 அணிபவர் ஸ்க்ரம்மின் அகன்ற பக்கத்து ஃபிளாங்கர், அதாவது ஓரத்தில் நிற்பவர். தென்னாப்பிரிக்காவில் அந்த வேலை 6க்கு, குறுகிய பக்கம் 7க்கு. இறுதியாட்டத்தில் 28 டேக்கிள் (பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்துவது) செய்த பீட்டர்-ஸ்டெஃப் டு டோய்ட் 7 அணிந்தவர். அவரைப் பிற நாட்டு 7களோடு ஒப்பிட்டால் வேறு வேலை செய்தவர்களோடு ஒப்பிட்டதாகும்.

வென்ற அணியையும் இதையும் ஏன் பிரிக்க வேண்டும் என்பதற்கும் அதே தொடர் சான்று. காலிறுதி 29-28, அரையிறுதி 16-15, இறுதி 12-11. மூன்றிலும் தென்னாப்பிரிக்கர்கள் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள். தோற்ற பக்கத்திலும் தலைசிறந்தவர்கள் நின்றார்கள். அவ்வாண்டின் உலகச் சிறந்த வீரர் விருது, இறுதியில் தோற்ற நியூசிலாந்தின் ஆர்டி சவேயாவுக்கே போயிற்று.

ஆகவே 'தொடர்ப் பதினைவர்'. ஐவர், எழுவர், நூற்றுவர் போலப் பதினைவர். வீரரா வீராங்கனையா என்ற தொல்லையும் இல்லை. 2025இல் லண்டன் டுவிக்கனமில் இங்கிலாந்து கனடாவை 33-13 என வென்ற மகளிர் உலகக் கோப்பைக்கும் அப்படியே பொருந்தும்.

---

ப் விடுபட்டால் 'தொடர் பதினைவர்'. வினைத்தொகையாகி, தொடர்ந்து ஆடுகிறவர்கள் என்று பொருள் மாறிவிடும். அந்த ஒற்றை அச்சில் காப்பாற்றுவார்களா? எழுவர் ரக்பிக்கு 'தொடர் எழுவர்' என்றால் காப்பாற்ற ஒற்றே இல்லை. கால்பந்துக்குப் பதினொருவர். ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுவது எண்ணிக்கை, கலைச்சொல் ஆகாது.

---

மாறட்டுமே. எத்தனை பேர் ஆடும் ஆட்டம் என்பதைச் சொல்லே காட்டுவது நல்லதுதானே?

---

அனைவருக்கும் நன்றி. நாளை வெள்ளி. ஐந்து பேர் பதினைவர் பக்கம் இருப்பதாகக் கொள்கிறேன். கட்டுரையில் 'தொடர்ப் பதினைவர்' என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் ஒரு வரி விளக்கம் தருகிறேன். படக்குறிப்பில் 'கனவு அணி' நிற்கட்டும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார்; அதை மாற்ற முடியவில்லை.

---

தேரணியை நான் கைவிடவில்லை என்பது பதிவாகட்டும். ஒரு கேள்வி மட்டும். மாற்று ஆட்டக்காரர் எண்மர் ஆட்டத்தின் போக்கையே திருப்புகிறார்கள். 2023 இறுதியில் தென்னாப்பிரிக்கா அந்த எண்மரில் எழுவரை முன்வரிசைக்கே வைத்திருந்தது. அவர்களில் சிறந்தவர்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தால், அறுபத்து மூவர் போல 'இருபத்து மூவர்' என்பீர்களா?