டெல்டா ரோட்டில் ரிக்கவரி வண்டியும் யூரியா கேனும்: ஓட்டுநர்களின் அனுபவங்கள்

கும்பகோணம், ரிக்கவரி வண்டி ஓட்டுநர்

ஒரு கேன் யூரியாவுக்காக என் மேல் திருட்டுப் பழி விழ இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஓட்டுவது ரோட்டில் மாட்டிக்கொண்ட லாரிகளை இழுக்கிற ரிக்கவரி வண்டி, அதுவும் பிஎஸ் 6, அதாவது புகை மாசைக் குறைக்கிற அரசு விதிப்படி வந்தது. 2020 ஏப்ரலில் அந்த விதி வந்த பிறகு கனரக வண்டி என்றால் டீசல் டாங்க் பக்கத்தில் நீல மூடி போட்ட இன்னொரு டாங்க் இருக்கும். அதில் ஊற்றுவதை டெஃப் என்பார்கள், ஆட்ப்ளூ என்பார்கள். எங்கள் பக்கம் யூரியா என்றாலே புரிந்துவிடும். புகையில் இருக்கிற நைட்ரஜன் ஆக்சைடை அது நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது.

20 லிட்டர் கேன் ஒன்று 1,500 கிலோமீட்டர் ஓடும் என்பது எங்கள் ஓனர் வைத்திருந்த கணக்கு. நாகப்பட்டினத்துக்கும் திருச்சிக்கும் லோடு அடிக்கிற லாரிக்கு அது பொருந்தலாம். தை மாதத்தில் எங்கள் பிழைப்பு வேறு மாதிரி. நன்னிலம், குடவாசல் பக்கம் கொள்முதல் நிலையங்களுக்குப் போகிற வழி பெரும்பாலும் வாய்க்கால் கரைதான். எதிரே அறுவடை மெஷின் வந்தால் நெல் லாரி ஓரம் ஒதுங்கும். அங்கே மண் இளகியிருக்கும். பின் டயர் இறங்கிவிட்டால் எங்களுக்குப் போன் வரும். போய் வருகிற தூரம் ஒன்றும் பெரிதாக இருக்காது. ஆனால் வண்டியை நிறுத்திவிட்டு, இன்ஜின் சக்தியை வின்சுக்கு, அதாவது வடம் சுற்றி இழுக்கிற கருவிக்கு, திருப்புகிற பி.டி.ஓ.வைப் போட்டு, ஆர்.பி.எம். ஏற்றி மூன்று மணி நேரம் இழுக்க வேண்டியிருக்கும். அத்தனை நேரமும் டீசல் எரிகிறது, யூரியாவும் கூடவே போகிறது. கிலோமீட்டர் மட்டும் நகராது.

அந்தத் தடவை 900 கிலோமீட்டரிலேயே கேன் தீர்ந்துவிட்டது. "மீதி எங்கப்பா போச்சு?" என்று ஓனர் கேட்டார். பத்து வருடம் கூட இருந்தவனைப் பார்த்து அப்படிக் கேட்டது பொறுக்கவில்லை. டீசல் பில்லை எல்லாம் எடுத்து வைத்து அவர் எதிரிலேயே கூட்டினேன். 100 லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய 5 லிட்டர் யூரியா வந்தது. முந்தைய மாதத்துக்கும் கூட்டிப் பார்த்தோம், அதே கணக்குதான். ஓனர் ஒன்றும் பேசாமல் நோட்டை வாங்கி, டீசல் எழுதுகிற இடத்துக்குப் பக்கத்தில் யூரியாவுக்கு ஒரு கோடு போட்டார். அன்றிலிருந்து டீசல் போடும்போதெல்லாம் யூரியா அளவையும் பார்த்து எழுதுகிறோம்.

ரிக்கவரி வேலையில் இருக்கிற ஓனர்கள் தயவுசெய்து கிலோமீட்டரை வைத்து டிரைவரைச் சந்தேகப்படாதீர்கள்.

திருத்துறைப்பூண்டி, கிரேன் வண்டி வைத்திருப்பவர்

அண்ணன் சொன்னது சரி. நான் பட்டது வேறு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ராத்திரி முழுக்க ரோட்டோரம் நிற்க வேண்டி வரும். லைட் எரியவேண்டும், பேட்டரி இறங்கக்கூடாது என்று இன்ஜினை ஐடிலிலேயே விட்டுவைப்போம். சைலன்சர் சரியாகச் சூடேறாமல் யூரியா போனால் அது முழுதாக ஆவியாகாது, வெள்ளை உப்பு மாதிரி உள்ளே படியும். சுமார் 200 டிகிரிக்குக் கீழே இந்தத் தொல்லை அதிகம். அந்த மழைக்காலம் முடிவதற்குள் யூரியா தெளிக்கிற இன்ஜெக்டர் அடைத்துக்கொண்டது.

மெக்கானிக் அதைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்தார். கல் மாதிரி இருந்தது, கரைந்து போனது. கம்பியால் குத்த வேண்டாம் என்றும் சொன்னார். இப்போது சும்மா நிற்கும்போது இன்ஜினை அணைத்துவிடுகிறேன். ஐடிலிலேயே நிற்க வேண்டி வந்தால், வேலை முடிந்ததும் மன்னார்குடி வரைக்காவது ஒரு ஓட்டம் நன்றாக ஓட்டுவேன். சூடு ஏறினால் லேசான படிவு தானே எரிந்து போகிறது.

வேதாரண்யம், ஓட்டுநர்

இதைச் சொல்ல மனசு கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், வயலுக்கு வாங்கிய யூரியாவைப் போர் தண்ணீரில் கரைத்து டாங்கில் ஊற்றினார்கள். "டெஃப்பும் யூரியாதானே" என்றார்கள். 32.5 சதவீதம் யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர், இதுதான் டெஃப். வயல் யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருக்கும், பையூரெட் என்கிற வேண்டாத கலப்பும் கூடுதல். எங்கள் ஊர்ப் போர் தண்ணீரின் உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பாத்திரத்திலேயே வெள்ளையாகப் படிகிறது.

முதலில் மீட்டர் போர்டில் விளக்கு வந்தது. பிறகு இழுவை குறைந்தது. கடைசியில் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வண்டி போகவில்லை. கொக்கியில் பழுதான லாரி, பின்னால் ஹாரன், இருட்டு. அன்று நான் பட்ட பயம் யாருக்கும் வரக்கூடாது. பம்ப், ஃபில்டர் இரண்டையும் மாற்றினார்கள். மானிய யூரியாவை இப்படித் திருப்பிவிடுவது சட்டப்படி குற்றம். நடவு நேரத்தில் அந்த மூட்டைக்காக விவசாயி வரிசையில் நிற்பதையும் நாம் பார்க்கிறோம்.

தஞ்சாவூர், ஓட்டுநர்

பேட்டரியைத் துண்டிக்கிற மெயின் சுவிட்ச் பற்றி யாரும் சொல்லவில்லை. கவிழ்ந்த வண்டியைத் தூக்கப் போனால் அதன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதுதான் நமக்கு முதல் வேலை, அது சரி. அந்தப் பழக்கத்தில் நம் வண்டியையும் சாவியைத் திருப்பின உடனே மெயினை இறக்கிவிடுகிறோம். இன்ஜின் நின்ற பிறகும் பம்ப் கொஞ்ச நேரம் ஓடி, குழாயில் இருக்கிற யூரியாவை டாங்குக்குத் திருப்பி இழுக்கும். பின்னால் இருந்து அந்தச் சத்தம் கேட்கும். அது அடங்கிய பிறகு மெயினை இறக்குங்கள். இல்லாவிட்டால் குழாயிலேயே காய்ந்து உப்பாகிவிடும். எனக்கு இரண்டு தடவை ஆயிற்று.

இன்னொன்று. போன மாதம் ஒரு லாரியை இழுத்து வந்தோம். கிளீனர் தம்பி தூக்கக் கலக்கத்தில் டீசல் டாங்கில் யூரியாவை ஊற்றியிருந்தான். நல்ல வேளை, சாவியைப் போடவில்லை. யூரியா தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் தங்கிவிடும். டாங்கை இறக்கிக் கழுவியதோடு போயிற்று. ஸ்டார்ட் பண்ணியிருந்தால் பம்ப், இன்ஜெக்டர் வரை போயிருக்கும். அந்தப் பையனை அன்று எல்லாரும் திட்டினார்கள். முந்தின நாள் காலையிலிருந்து அவன் தூங்கவே இல்லை என்பதை யாரும் கேட்கவில்லை.

கும்பகோணம், முதலில் எழுதியவர்

தம்பி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார், கேன் வாங்கி வைக்கலாமா என்று. வைக்கலாம், ஆனால் கேபினுக்குப் பின்னால் வெயிலில் கட்டிவைக்க வேண்டாம். 25 டிகிரியில் ஒன்றரை வருடம் தாங்குகிற சரக்கு 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும். நம் ஊர் சித்திரை வெயிலுக்கு அதைவிடவும் குறையும். நான் வீட்டில் நெல் மூட்டை அடுக்குகிற அறையில் வைக்கிறேன். வண்டியில் ஒரு கேன்தான், சீல் உடைக்காதது. புனலையும் தனியாகப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருக்கிறேன், டீசல் புனலோடு சேர்ப்பதில்லை. பித்தளை, தகரப் பாத்திரத்தில் ஊற்றி வைத்தால் அரித்துவிடும்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகிற வழியில் ராத்திரி பத்து மணிக்கு மேல் சீல் போட்ட கேன் கிடைக்கிற பங்க் தெரிந்தால் யாராவது எழுதுங்கள். அறுவடை ஆரம்பிக்கப் போகிறது.